வெறும் தண்ணீரில் விழுந்த வெள்ளை

போன மாசம் பிளஸ் டூ பிராக்டிகல் பரீட்சை முடிந்த மறுநாள் உங்களில் ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். நான் வேலை பார்த்த அதே கெமிஸ்ட்ரி லேபில் இப்போது அட்டெண்டராக இருப்பவள். பேரை எழுத மாட்டேன். படித்தால் அவளுக்கே தெரியும். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நம்ம பிள்ளைக அத்தனை பேருக்கும் சால்ட்டுல முழு மார்க்குங்கக்கா. ஆருக்கு எந்த உப்புன்னு காலைல எட்டு மணிக்கே வாட்ஸப்புல போட்டு உட்டுட்டனுங்க."

அவள் கையில் இருந்த டம்ளரை நான் திருப்பி வாங்கிக்கொண்டேன். "குடிச்ச வரைக்கும் போதும், எந்திரி" என்றேன்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "என்னத்துக்குங்கக்கா இத்தனை கோவம்? நீங்க சொல்லாததா? நாம என்ன கெமிஸ்ட்ரியா படிச்சிருக்கறோம்? பாட்டில் கழுவறவங்கதானே?"

இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் அது அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரைக்கும் போனவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகிறது. ஆகட்டும். லேப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம், நானும் சொன்னவள்தான். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கெமிஸ்ட்ரி நமக்குச் சம்பந்தமில்லாதது என்று எவள் சொன்னாலும் அது பொய். நான் ராசிபுரம் பக்கத்து மகளிர் பள்ளி ஒன்றில் இருபத்தொன்பது வருசம் அந்த லேபில் நின்றவள். வருசா வருசம் ஜூன் மாசம் முதல் வகுப்பில் பெரிய சார் போர்டில் ஒரே வரியை எழுதுவார். பெரிய சார் என்றால் எங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார். "பொருள்களின் இயைபு, அமைப்பு, பண்பு, அவை அடையும் மாற்றம் ஆகியவற்றைப் பற்றிய அறிவியல் வேதியியல்." பிள்ளைகள் நோட்டில் எழுதும். நான் பின்னால் டெஸ்ட் டியூப் கழுவிக்கொண்டு மனசில் எழுதிக்கொள்வேன். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உங்களில் எத்தனை பேர் சொல்வீர்கள்?

சொல்லத் தெரிந்தால் போதுமா என்பது வேறு. எனக்கும் வெகுநாள் அது வெறும் மந்திரம் மாதிரிதான் இருந்தது. பக்கத்து பிசிக்ஸ் லேபில் பாப்பாத்தி என்று ஒருத்தி இருந்தாள். என் சேக்காளி, வாய்த்துடுக்குக்காரி. மதியம் சோறு தின்னும்போது வம்புக்கு இழுப்பாள்.

"உங்க லேபுல என்னடி பண்றீங்க? நாத்தம் புடிச்ச தண்ணியை இதுல இருந்து அதுல ஊத்தறீங்க, அதுல இருந்து இதுல ஊத்தறீங்க. எங்களைப் பாரு, பெண்டுலம் ஆட்டறோம், லென்ஸு வெக்கறோம். கௌரவமான வேலை."

ஒருநாள் நான் அப்படியே போய் பெரிய சாரிடம் கேட்டுவிட்டேன். "ஏனுங்க சார், அவங்களுக்கும் நமக்கும் என்னங்க வித்தியாசம்?"

அவர் சிரித்தார். "ஒரு குண்டைக் கயித்துல கட்டி ஆட்டுனா எவ்வளவு நேரத்துல போயிட்டு வரும்னு அவங்க கேப்பாங்க செல்லம்மா. குண்டு இரும்பா பித்தளையான்னு அவங்களுக்குக் கவலை இல்லை. நமக்கு அதுதான் கவலை. இது என்ன, எதெது சேர்ந்து ஆனது, இன்னொண்ணோட சேர்ந்தா என்னவா மாறும். அவ்வளவுதான்."

அதை நான் பாப்பாத்தியிடம் சொன்னேன். "அப்ப உங்க சாருக்கு ஊருல இருக்கறதெல்லாம் என்னன்னு தெரியணுமாக்கும்" என்றாள். அவள் கிண்டலாகச் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னாள்.

இது என்ன? பிராக்டிகல் பரீட்சையில் சால்ட் அனாலிசிஸ் என்று வைப்பது இந்தக் கேள்வியைத்தான். ஒரு பிள்ளை கையில் ஒரு பொட்டலம் கொடுக்கிறோம். உள்ளே ஒரு கரண்டி வெள்ளைத் தூள். பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒரு மருந்தைச் சேர்க்க வேண்டும், என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும், பார்த்ததை எழுத வேண்டும். அப்புறம் இன்னொரு மருந்து. இப்படியே கேட்டுக் கேட்டு அந்தத் தூள் இன்னது என்று அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். இதில் நாம் போய்க் காதோரம் பேரைச் சொல்லிவிட்டால் அப்புறம் அங்கே என்ன கெமிஸ்ட்ரி மிச்சம் இருக்கிறது? அடுப்பு எரியும், புகை வரும், பரீட்சை நடக்கும். கெமிஸ்ட்ரி நடக்காது.

இப்போது இப்படி எழுதுகிற நான் அந்தக் காலத்தில் காதோரம் சொன்னவள். எல்லாப் பள்ளியிலும் அட்டெண்டர்கள் சொன்னார்கள், நானும் சொன்னேன். பிள்ளைகள் மேல் பாசம் என்று பேர் வைத்துக்கொண்டேன். பாட்டிலில் தண்ணீர் நிரப்புகிற சாக்கில் பக்கத்தில் போவேன். "சல்ஃபேட்டு கண்ணு", "உனக்கு கார்பனேட்டு சாமி". அந்த முகங்கள் மலரும். எனக்கும் பெருமையாக இருக்கும். வாத்தியாருக்கு அடுத்தபடி இந்த லேபில் நான்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருசம் ஆகியிருந்தது. அப்போதும் தற்காலிகம்தான். அந்த மாசம்தான் என் பேரை நிரந்தரத்துக்கு எழுதி அனுப்பியிருந்தார்கள். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் டிஸ்டில்டு வாட்டர் எடுக்கிற எந்திரத்தில் தண்ணீரைக் காய்ச்சுகிற காயில் கம்பி எரிந்துபோனது. பெரிய சாரை ஜேடர்பாளையம் பக்கத்துப் பள்ளிக்கு எக்ஸாமினராகப் போட்டுவிட்டார்கள். எங்கள் பள்ளியில் பொறுப்புக்கு இருந்தவர் புதிதாக வந்த மிஸ். அவர் பயந்த சுபாவம். "எப்படியாவது ஏற்பாடு பண்ணிருங்க செல்லம்மாக்கா" என்று சொல்லிவிட்டு ரெக்கார்டு நோட்டு அடுக்கப் போய்விட்டார்.

எப்படியாவது என்றால் எப்படி? நான் யோசித்தேன். பதினோரு வருசம் அந்த எந்திரத்துக்கு ஸ்விட்ச் போட்டவள் நான். உள்ளே தண்ணீர் கொதிக்கும், இந்தப் பக்கம் கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக விழும். ஆக, கொதிக்க வைத்துச் சுத்தம் பண்ணிய தண்ணீர். அவ்வளவுதானே? பள்ளிக்கூட போர் தண்ணீரைப் பெரிய குண்டானில் பிடித்து அடுப்பில் ஏற்றினேன். நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டேன். குண்டான் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தது. அழுக்கு இறங்கிவிட்டது என்று சந்தோசப்பட்டேன். ஆறினதும் மல்லு வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. கேன்களில் ஊற்றி மூடி வரிசையாக வைத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊட்டுக்குப் போனேன்.

எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் உங்களுக்குத் தெரியும். குழம்பு வைத்தால் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரில் கரைந்து கிடக்கிற உப்பு துணியில் நிற்குமா? கொதிக்கவைத்தால் போகுமா? எந்திரத்தில் தண்ணீர் கொதிப்பதை நான் பார்த்தேன். கொதிக்கிற தண்ணீரை விட்டுவிட்டு ஆவியை மட்டும் பிடித்து மறுபடி தண்ணீராக்குவதை நான் பார்க்கவில்லை. ஸ்விட்ச் போடுகிறவளுக்கு எதற்கு என்று யாரும் சொல்லவும் இல்லை.

இன்னொன்று கேளுங்கள். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் லாரிப் பட்டறை. பேட்டரிக்கு ஊற்றுவதற்கு அங்கே டிஸ்டில்டு வாட்டர் கேன் கேனாக அடுக்கி வைத்திருப்பார்கள். முப்பது அடி தூரம். லாரி ஓட்டுகிற ஒவ்வொருத்தனுக்கும் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும்.

பரீட்சை காலை ஒன்பது மணிக்கு. இருபது பிள்ளைகள். எக்ஸாமினர் ஆத்தூர் பக்கத்தில் இருந்து வந்தவர், கண்டிப்பான மனுசன் என்று சொல்லிக்கொண்டார்கள். அன்றைக்கு வைத்த உப்பில் பாதிக்கு மேல் துத்தநாக சல்ஃபேட், மிச்சமும் வேறு சல்ஃபேட்டுகள்தான்; குளோரைடு ஒன்றுகூட இல்லை. நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஒரு ரவுண்டு போனேன். காதோரம் சொல்லிக்கொண்டே போனேன். கடைசி மேசையில் மேகலா நின்றாள்.

மேகலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெண்ணந்தூரில் இருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. அம்மா தறியில் இருந்தாள், அப்பா போர் போடுகிற லாரியில் வெளி மாநிலம் போய் வருவார். அந்தப் பிள்ளைக்கு ஒரே ஆசை, சேலத்தில் அரசு காலேஜில் பி.எஸ்ஸி கெமிஸ்ட்ரி. ஒரு மார்க் இரண்டு மார்க்கில் இடம் போகிற இடம் அது. வேறு காலேஜுக்கு அனுப்ப அந்த ஊட்டில் வழி இல்லை. அவளே ஒருநாள் ஸ்டாண்டு துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னது இது.

அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "கண்ணு, உனக்கு சல்…"

"வேண்டாங்கக்கா" என்றாள். தலையைத் தூக்கவில்லை. "நானே பாத்துக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. திமிரைப் பாரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பாட்டிலை டக்கென்று வைத்துவிட்டு வந்தேன்.

பத்தரை மணிக்கெல்லாம் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பேப்பரைக் கொடுத்தார்கள். எக்ஸாமினர் சிவப்புப் பேனாவில் சரி சரி என்று போட்டுக்கொண்டே வந்தார். மேகலாவின் பேப்பர் வந்ததும் பேனா நின்றது.

"என்னம்மா எழுதியிருக்க? குளோரைடும் இருக்கு, சல்ஃபேட்டும் இருக்குன்னு. ஒரே உப்புல ரெண்டும் எப்படி இருக்கும்?"

"இருக்காதுங்க சார். ஆனா ரெண்டும் வந்துச்சுங்க."

"வந்துச்சுன்னா?"

"சில்வர் நைட்ரேட்டு போட்டதும் குளோரைடுக்கு வர்ற வெள்ளை வந்துச்சுங்க சார். டியூப் ஸ்டாண்டுலயேதான் இருக்குது, பாருங்க."

"மத்தவங்க யாருக்கும் வரலை. உனக்கு மட்டும் வந்துச்சா? கழுவாத டியூப்ல பண்ணியிருப்ப."

"மூணு தடவை கழுவுனனுங்க சார்." கொஞ்சம் தயங்கினாள். "வெறும் தண்ணியில ஒருக்காப் போட்டுப் பாக்கட்டுங்களா?"

"தண்ணியிலயா?"

"தண்ணி மேல சந்தேகமா இருக்குதுங்க சார். அடுப்பு மேல சிந்துன எடத்துல காஞ்சு வெள்ளைத் தடம் விழுந்திருக்குது. டிஸ்டில்டு வாட்டரு தடம் விடாதுங்க. எங்கப்பா போர் லாரியிலதான் இருக்காருங்க. போர் தண்ணி காஞ்சாத்தான் இப்படி இருக்கும்."

"ஓகோ. உங்கப்பா போர் போட்டா நீ சயின்டிஸ்ட்டா?"

முன்னால் நின்ற பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"சரி, கெமிஸ்ட்ரின்னா என்ன? டெஃபினிஷன் சொல்லு, கேப்போம்."

"பொருள்களோட இயைபு, அமைப்பு, பண்பு, அது அடையற மாற்றம், இதைப் பத்தின அறிவியல் சார்."

"அதுல தண்ணியைச் சந்தேகப்படுன்னு எங்கயாச்சும் இருக்கா?"

அவள் ஸ்டாண்டில் இருந்த டியூபைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "தண்ணியும் பொருள்தானுங்க சார்."

"வெளியே போய் நில்லு" என்றார்.

நான் கேனைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அடுப்பைப் பார்த்தேன். அவள் சொன்ன வெள்ளைத் தடம் இருந்தது. அடுத்த அடுப்பிலும் இருந்தது. எல்லா அடுப்பிலும் இருந்தது. காலையில் இருந்து அதைத் துடைத்துக்கொண்டே இருந்தவள் நான். ஸ்டாண்டுகளைப் பார்த்தேன். இருபது ஸ்டாண்டிலும் ஒரு டியூப் பால் கலந்தது மாதிரி வெள்ளையாக நின்றது. இருபது பிள்ளைகளுக்கும் வெள்ளை வந்திருக்கிறது. பத்தொன்பது பேர் கண்ணெதிரே நிற்பதைப் பார்த்துக்கொண்டே "வீழ்படிவு இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். ஏன்? அக்கா சல்ஃபேட் என்று சொல்லிவிட்டாள். அப்புறம் கண் எதற்கு?

பதினோரு வருசமாக நான் பாசம் என்று நினைத்துக் கொடுத்தது இதுதான். கண்ணைக் கட்டிவிடுகிற வேலை.

சொன்னால் வேலை போகும். அது தெரியும். தண்ணீர் தப்பு என்று சொன்னால், பத்தொன்பது பேர் எப்படி இல்லை என்று எழுதினார்கள் என்ற கேள்வி அடுத்த நிமிசமே வரும். அந்தப் பிள்ளைகளும் மாட்டுவார்கள். சொல்லாவிட்டால் கதவுக்கு வெளியே நிற்கிறவள் போவாள். அந்தத் திமிர் பிடித்தவள். அவள் ஒருத்திதான் அன்றைக்கு அந்த லேபில் கெமிஸ்ட்ரி செய்தவள்.

கழுவிய டியூப் ஒன்றை எடுத்தேன். மேகலாவின் பாட்டிலில் இருந்தே தண்ணீர் ஊற்றினேன். எத்தனையோ ஆயிரம் தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், என் கையால் ஒருநாளும் செய்தது இல்லை. நைட்ரிக் ஆசிட் நாலு சொட்டு விட்டேன். பழுப்புப் பாட்டிலை எடுத்து சில்வர் நைட்ரேட் விட்டேன். இரண்டு சொட்டு தவறி விரலில் விழுந்தது. டியூபுக்குள் வெள்ளை புகை மாதிரி இறங்கியது.

அதைக் கொண்டுபோய் எக்ஸாமினர் மேசை மேல் பிடித்தேன். "இதுல உப்பே போடலீங்க சார். வெறும் தண்ணி. எந்திரம் ரிப்பேருங்க. போர் தண்ணியக் காய்ச்சி நான் ஊத்தி வெச்சது."

மிஸ் பின்னால் இருந்து என் முந்தானையை இழுத்தார். "அக்கா, பேசாம இருங்க."

எக்ஸாமினர் டியூபைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எல்லாரும் இந்தத் தண்ணியிலதான் பண்ணாங்களா?"

"ஆமாங்க சார்."

"அப்ப எல்லாருக்கும் வெள்ளை வந்திருக்கணுமே."

"வந்திருக்குங்க சார். ஸ்டாண்டுல பாருங்க."

அவர் ஸ்டாண்டைப் பார்க்கவில்லை. பேப்பர் கட்டைப் புரட்டினார். "இல்லை. இல்லை. இல்லை. இல்லை…" என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றிலும் அவர் போட்ட சிவப்பு சரி இருந்தது. கட்டை மூடினார்.

"யாரு சொன்னது இவங்களுக்கு?"

"நான்தானுங்க."

சிரித்த பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். அவருக்கும் தெரியும், ஊருக்கே தெரிந்த பழக்கம்தானே. எழுதி அனுப்பினால் பள்ளி மாட்டும், மிஸ் மாட்டுவார், சரி சரி என்று போட்ட அவரும் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் மேகலாவை உள்ளே கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"தண்ணியிலதான் தப்பும்மா. நீ சொன்னது சரி. அந்த குளோரைடு வரியை அடிச்சுட்டு 'வீழ்படிவு இல்லை'ன்னு எழுது. முழு மார்க் போட்டுடறேன்."

அவள் பேப்பரை வாங்கினாள். எழுதவில்லை. "வந்துச்சுங்களே சார்" என்றாள்.

"தெரியும்மா. தெரிஞ்சுதான் சொல்றேன்."

"வந்ததை வரலைன்னு எப்படிங்க சார் எழுதறது? கீழ இன்னொரு வரி சேத்துக்கறனுங்க. வெறும் தண்ணியிலயும் வந்துச்சு, அதனால இது உப்போடது இல்லைன்னு."

"சரி, எழுது."

அப்போதும் எழுதவில்லை. "நான் இன்னும் பாக்கலீங்களே. அக்கா பண்ணதாச் சொல்றீங்க. நானே ஒருக்காப் பண்ணிட்டு எழுதறேன்."

சாமிகளா, அந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. வேலையையே பணயம் வைத்து நான் செய்து காட்டியிருக்கிறேன், என் டியூபை நம்ப மாட்டாளா? ஆனால் அவள் செய்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர், ஆசிட், சில்வர் நைட்ரேட். வெள்ளை. அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து அந்த வரியை எழுதினாள்.

எக்ஸாமினர் மூணு மார்க் குறைத்தார். முதலில் தப்பான விடை எழுதிவிட்டு அப்புறம் திருத்தியதற்கு விதிப்படி குறைத்தே ஆக வேண்டுமாம். மற்ற பத்தொன்பது பேப்பரிலும் சிவப்பு சரி அப்படியே இருந்தது.

மேகலா பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் கதவருகே நின்றேன். நன்றி சொல்லுவாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன், மறைக்க மாட்டேன். என்னிடம் நின்று சொன்னாள்: "அக்கா, அந்த கேனுல உப்பு ஒட்டியிருக்கும். நல்ல தண்ணி கெடைச்சதும் மூணு தடவை அலசிட்டு ஊத்துங்க." அவ்வளவுதான். பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

சில்வர் நைட்ரேட் பட்ட விரல் மறுநாள் கறுத்தது. மை பூசியது மாதிரி. தேய்த்தால் போகாது. ஒரு வாரம் அந்தக் கறுத்த விரலோடுதான் சோறு பிசைந்தேன். பாப்பாத்தி பார்த்துவிட்டு, "ஓட்டுப் போட்டியா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் எதையும் எழுதி அனுப்பவில்லை. இரண்டு மாசத்தில் என் வேலை நிரந்தரமானது. மேகலாவுக்கு அந்த மூணு மார்க்கில் சேலம் கெமிஸ்ட்ரி போனது. வேறு ஏதோ பாடத்தில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். காதோரம் கேட்டு எழுதியவர்களில் இரண்டு பேர் அதே காலேஜில் கெமிஸ்ட்ரி சேர்ந்தார்கள். இதை எழுதும்போதே என் பேனா பேப்பரைக் கிழிக்கிறது. அவளை நான் தேடிப் போகவில்லை. என்ன முகத்தோடு போவது?

பெரிய சார் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. எரிந்த காயிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் எப்படிப் பிரிகிறது, ஆவி எப்படி உப்பை விட்டுவிட்டு மேலே போகிறது என்று பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"பதினோரு வருசம் இதுக்கு ஸ்விட்சுப் போட்டனுங்க சார். போர்டுல வருசம் தவறாம எழுதுனீங்க. பொருளுன்னீங்க, பண்புன்னீங்க, மாற்றம்னீங்க. இது எதுக்குன்னு ஒருநாள் எனக்குச் சொன்னீங்களா?"

அவர் கையில் இருந்த காயிலை மேசையில் வைத்தார். நான் விடவில்லை.

"உங்க வரியில ஒண்ணு உட்டுப்போச்சுங்க சார். ஒரு பொருளை எதைக் கொண்டு பாக்கறமோ, அதை மொதல்ல பாக்கணும். அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சுது. உங்க வரியில இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமா செல்லம்மா" என்றார். "நான் சொல்லியிருக்கணும்." அடுத்த ஜூனில் அதே வரியைத்தான் எழுதினார். அது புத்தகத்து வரி, மாற்ற முடியாதாம். ஆனால் எழுதி முடித்ததும் பின்னால் திரும்பி, "செல்லம்மா, மொதல் டியூப் கொண்டாங்க" என்றார். பிள்ளைகள் முன்னால் வெறும் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டுக் காட்டினேன். ஒன்றும் வரவில்லை. சுத்தமான தண்ணீர். ஒன்றும் வராததைக் காட்டுவதுதான் அந்த வகுப்பில் முதல் பாடமாக இருந்தது, அவர் ஓய்வு பெறும் வரைக்கும். அதற்கப்புறம் வந்தவர்களுக்கு நேரமில்லை. நான் மட்டும் ஒவ்வொரு பரீட்சை நாள் காலையிலும் தனியாகச் செய்துகொண்டேன்.

இப்போது என் முன்னால் காப்பி டம்ளரோடு உட்கார்ந்தவளுக்கும், அவள் கூட இருக்கிற உங்களுக்கும் சொல்கிறேன். பாட்டில் கழுவறவங்கதானே என்று இன்னொரு தடவை சொல்லாதீர்கள். அந்தக் கழுவலில் ஒரு துளி உப்பு மிச்சம் இருந்தால் ஒரு பிள்ளையின் கண் பொய்யாகிவிடும். கெமிஸ்ட்ரி என்பது பேரைத் தெரிந்துகொள்வது என்றால் உங்கள் வாட்ஸப் போதும், லேபையே பூட்டிவிட்டுப் போகலாம். யார் சொன்னாலும் நம்பாமல், பொருளையே கேட்டு, அது சொன்னதை அப்படியே எழுதுவதுதான் கெமிஸ்ட்ரி என்றால், அது தொடங்குகிற இடம் வாத்தியார் போர்டு இல்லை. நீங்கள் நிரப்புகிற பாட்டில்.

அடுத்த பரீட்சைக்கு அந்த போனை எடுத்து ஊட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். காலையில் முதல் டியூபில் தண்ணீரைப் பாருங்கள். ஏதாவது ஒரு மேசையில் ஒருத்தி தலையைத் தூக்காமல் "வேண்டாங்கக்கா" என்று சொன்னால், திமிர் என்று நினைக்காதீர்கள். வாயை மூடிக்கொண்டு, அவளுக்கு நல்ல தண்ணீரை ஊற்றிவிட்டு நகருங்கள்.